கொடி எல்லையைத் தாண்டியது குறித்து

பாஸ்தியானின் இடது கை விரல்கள் ஐந்திலும் இரத்த ஓட்டம் திரும்பிவிட்டதாகத் தள மருத்துவர் இன்று காலை உறுதிப்படுத்தினார். அதைக் கேட்டறிந்த பிறகு இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

என் பெயர் மாயெல் கெர்வெல்லா. வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் பிரான்சில் உள்ள பிரெஸ்ட். தற்போதைய முகவரி அண்டார்க்டிகா, அடெலிக் கரை, கரேன் முனைக் குளிர்காலத் தளம். பறவை ஆய்வாளராக இருக்கிறேன். காவல் அதிகாரமும் உள்ள தளத் தலைவி ஒடில் வாசெர் கேட்டு எழுதுகிறார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி மதியம், எம்பரர் பெங்குயின் கூட்டத்தைச் சுற்றி நட்ட எல்லைக் கொடிகளின் அருகே ஒலிப்பதிவுக் கருவிக்கு பேட்டரி மாற்ற, கருவிகளைப் பழுதுபார்க்கும் பாஸ்தியான் ரூல்லேயும் நானும் உறைந்த கடல்மீது நடந்து சென்றோம். ஆண் பறவைகள் முட்டையைக் கால்மேல் வைத்து அடைகாக்கும் காலம் அது. கொடியைத் தாண்டினால் ஆய்வு அனுமதி பறிபோகும் என்பது எனக்குத் தெரியும். கொடிகளை நட்டவளே நான்தான்.

அதன் பிறகு பீடபூமியிலிருந்து காற்று இறங்கி, தளத்துக்குப் போகும் வழிக்கயிறு அறுந்து, பாஸ்தியானின் இடது கையுறையும் பறந்துபோனது. பறக்கும் பனித்தூளில் என் கையே எனக்குத் தெரியவில்லை. வெட்டவெளியில் இருந்தால் அவர் இறந்துவிடுவார் என்று முடிவு செய்து, பறவைகளின் குரலை வைத்துத் திசை கண்டு அவரை இழுத்துச் சென்றேன். "வேணாம் மாயெல், உன் பொழப்பே போயிடும்" என்றார். "வாயை மூடிக்கிட்டு தவழு" என்றேன். கூட்டத்தின் காற்று மறைவில், சற்று இடைவெளி விட்டுப் படுத்தோம்.

அதன் பிறகு, காற்று அடிக்கும் பக்கத்துப் பறவைகள் முட்டையோடு அடியடியாக நகர்ந்து வந்து எங்களுக்கு மறுபுறம், காற்று படாத பக்கம் நின்றன. கூட்டம் இப்படி நகர்வதை மூன்று குளிர்காலமாக அளந்திருக்கிறேன். உள்ளே இருந்ததில்லை. முதலில் ஒரு முதுகு என் தோளைத் தொட்டது. பிறகு எல்லாப் பக்கமும் முதுகுகள். இரைச்சல் தலைக்கு மேலே எங்கோ போய்விட்டது. இமையில் உறைந்திருந்த பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. ஒரு பறவையும் எங்களைக் கொத்தவில்லை.

"எல்லாம் அப்பன்மாரு. ஒரு டயப்பர்கூட மாத்தாத என்னையும் சேத்துக்கிட்டானுங்க பாரு" என்றார் பாஸ்தியான்.

அதன் பிறகு அவர் கால் மரத்து இழுத்ததில் பக்கத்துப் பறவை தடுமாறி, அதன் முட்டை பனியில் உருண்டது. அது குனிந்து அலகால் தேடியது. முட்டை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் அசைந்தால் மற்றவையும் தடுமாறும் என்பதால் எடுத்துக் கொடுக்கவில்லை. குளிரில் உறைந்து ஓடு வெடிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பறவை எங்களைவிட்டு விலகவில்லை. காற்று தணிந்து கூட்டம் தானாகக் கலையும்வரை என்மேல் சாய்ந்தே நின்றது. பிறகு பாஸ்தியானைத் தாங்கிக்கொண்டு தளத்துக்கு நடந்தேன்.

ஒரு முட்டை அழிந்ததை நேரில் கண்டேன். மற்றவை பற்றித் தெரியாது. ஜூலை இரண்டாம் வாரம் குஞ்சுகள் வெளிவரும்போது எடுக்கும் கணக்கைப் பொறுத்தே என் அனுமதி முடிவாகும். அந்தக் கணக்கை வேறொருவர் எடுக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை கொடியருகேகூடச் செல்ல மாட்டேன்.

இதில் இருப்பவை நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. தலைவி படித்துக் காட்டினார், மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) மா. கெர்வெல்லா