ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னேன்

ஏற்காட்டில் சிமெண்டுப் பூச்சு சீக்கிரம் காயாது. கீழே அடிவாரத்தில் ஒரே நாளில் இறுகிவிடுகிற பூச்சு, மலைமேல் மூன்று நாள் ஆனாலும் விரல் வைத்தால் ஒட்டும். மார்கழியில் கேட்கவே வேண்டாம். இருபது வருஷமாக இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவராவது கேட்டதில்லை. இன்றைக்குப் பூசினால் நாளைக்கே வெள்ளையடி என்பார்கள். அப்புறம் உதிர்ந்து விழுந்தால் கொத்தனாரைத் திட்டுவார்கள்.

நீங்களும் நேற்றிலிருந்து அவசரப்படுகிறீர்கள், ஐயா. "அந்தப் பொண்ணு எப்படிச் செத்துச்சு, அதச் சொல்லு" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

என் பெயர் வேலுசாமி. சொந்த ஊர் அடிவாரம். கல்யாணம் ஆன வருஷமே கலாவதியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டேன். இங்கே உள்ள பழைய பங்களாக்களில் பாதிக்கு ஓடு மாற்றியதும் சுவர் பூசியதும் நான்தான். யாரிடமும் ஒரு ஆணி கூட எடுத்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

மஞ்சக்குட்டை ரோட்டில் ஒரு கல் பங்களா இருக்கிறது. சேலத்து நூல் வியாபாரி ஒருவருடையது. எழுபத்தேழாம் வருஷம் பங்குனியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் பெங்களூரில் இருந்தான். ஹாலில் கணப்புக்கு மேலே இருந்த சிம்னி ஒழுகுகிறது, ஆள் வைத்துச் சரிசெய் என்று வாட்ச்மேனுக்குக் கடிதம் போட்டிருந்தான். வைகாசி கடைசியில் வாட்ச்மேன் வேடியப்பன் என்னை வந்து கூப்பிட்டான். செம்மநத்தத்துக்காரன். நாற்பது வயது இருக்கும். பங்களாவின் பின்கட்டில் பெண்டாட்டி சின்னத்தாயியோடு குடியிருந்தான். பிள்ளைகள் இல்லை.

சிம்னியின் உட்பக்கம் நாலு செங்கல் காரை இல்லாமல் சும்மா செருகியிருந்தது. அவற்றை இழுத்ததும் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் ஆயிரம் ரூபாய் நோட்டுக் கட்டுகள். எமர்ஜென்சி ரெய்டுக்குப் பயந்து வியாபாரி ஒளித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமலேயே செத்துவிட்டார்.

வேடியப்பன் அப்போது சொன்னதை அப்படியே சொல்கிறேன், அதிலும் நான் மறைக்கப் போவதில்லை.

"இது நம்முளுது இல்லீங்க மேஸ்திரி. மகனுக்கு ஒரு கடுதாசி போட்ரலாமுங்க."

நான் அவனை உட்கார வைத்துப் பேசினேன். இது சர்க்காருக்குத் தெரியாத பணம். மகனுக்கே தெரியாது. கொடுத்தால், இருந்தது இவ்வளவுதானா, மீதி எங்கே என்றுதான் கேட்பான். அப்புறம் போலீஸ் நம்மைத்தான் பிடிக்கும். அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சின்னத்தாயி அங்கே இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெஞ்சில் ஏதோ வால்வு சரியில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

"சரீங்க மேஸ்திரி" என்றான்.

அவன் அவளுக்காக ஒப்புக்கொண்டான். எனக்குக் குறிப்பாக எந்தத் தேவையும் இருக்கவில்லை. அதனால்தான் என்னால் தெளிவாக யோசிக்க முடிந்தது. ஒரு வருஷம் தொடக்கூடாது என்றேன். யாரிடமும் சொல்லக்கூடாது. எண்ணிப் பார்க்கவும் கூடாது, எண்ணினால் ஆசை வரும். பங்களாவை எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடுவார்கள் என்பதால் டின் என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். கொத்தனார் வீட்டில் தரையைப் பெயர்த்துப் பூசினால் யார் கேட்கப் போகிறார்கள்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டல் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் வந்துவிட்டான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை தவறாமல் என்னைத் தேடி வருவான். வெங்காயக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் நின்று, ஊரே கேட்கிற மாதிரி ரகசியம் பேசுவான்.

"ஏனுங்க மேஸ்திரி, கொஞ்சமாக் குடுங்க, ஆபரேஷனுக்கு மட்டும். அதுக்கு மேல நான் பங்கே கேக்க மாட்டனுங்க."

"வாட்ச்மேன் கையில ஆயிரம் ரூவா நோட்டப் பாத்தா எவன் சும்மா இருப்பான்? வைகாசி வரைக்கும் பொறுத்துக்க வேடியப்பா."

"வைகாசி வரைக்கும் அவ இருக்கோணுமில்லீங்க?"

ஒவ்வொரு முறையும் இதையே சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வலிக்கும். என் சொந்தக் கூலியிலிருந்து நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன், மருந்து வாங்கிக்கொள் என்று. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கார்த்திகையில் இன்னொரு யோசனையோடு வந்தான். சேலத்தில் ஒரு ஆள் ஆயிரம் ரூபாய் நோட்டுக்கு எழுநூறு தருகிறானாம், கேள்வியே கேட்கமாட்டானாம். அப்படிக் கேள்வி கேட்காத ஆள்தான் முதலில் காட்டிக்கொடுப்பான் என்று விளக்கினேன். ஒரு மனிதனுக்கு ஒரே விஷயத்தை எத்தனை தரம் விளக்குவது?

மார்கழி பிறந்த அன்று காலையில் என் வீட்டுக்கே வந்தான். கலாவதி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவன் முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சின்னத்தாயிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

நான் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அவ நொம்ப அழுதுட்டாளுங்க. இந்தப் பணத்துல பொழைக்க வேண்டாங்கறா. கிறிஸ்துமஸ் லீவுக்கு மொதலாளி மகன் வர்றாரு, அவருகிட்டயே குடுத்துப்போட்டு ஆபரேஷனுக்கு ஒதவி கேட்டா மாட்டேங்கவா போறாருங்கறா. நீங்க டின்ன எடுத்துக் குடுத்துருங்க மேஸ்திரி. உங்க பேர நான் சொல்ல மாட்டனுங்க."

அவர்கள் இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் தரைக்கடியில் வைத்துக் காப்பாற்றியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கோபப்படவில்லை. சரி, அப்படியே செய்யலாம் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மகன் வரும் முன் ஹாலில் சிம்னிச் சுவருக்குப் பூச்சு வேலை பாக்கி இருந்தது. அதை நல்லபடியாகவே செய்து முடித்தேன். திங்கட்கிழமை அவனிடம், ஈரம் காய வேண்டும், ராத்திரி முழுக்கக் கணப்பு எரிய வேண்டும், கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு நீ ஹாலிலேயே படுத்துப் பார்த்துக்கொள் என்றேன். விறகு போட்டால் புதுச்சுவர் கறுத்துவிடும், கரிதான் போட வேண்டும் என்று ஒரு மூட்டை கரியும் வாங்கிக் கொடுத்தேன். சின்னத்தாயி செம்மநத்தத்தில் அண்ணன் வீட்டுக்குப் போவதாக அவன்தான் சொல்லியிருந்தான். அன்று மத்தியானம், கடைசியாக ஒரு ஓடு மாற்ற வேண்டும் என்று கூரைமேல் ஏறி, சிம்னி வாயில் நனைத்த சாக்கை அடைத்து ஒரு பலகைக் கல்லை வைத்துவிட்டு இறங்கினேன். கரி புகையாது. அதன் நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

மறுநாள் காலை போய்க் கல்லையும் சாக்கையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய குருவிக்கூடும் சருகும் திணித்தேன். ஒன்பது மணிக்குப் பால் ஊற்ற வந்த ஆரோக்கியதாஸ் கதவைத் தட்டிப் பார்த்து, ஜன்னலை உடைத்து, இரண்டு பேரையும் பார்த்தான். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றவள் போகவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்தவர்கள் என்னைத்தான் வரவழைத்தார்கள், சிம்னி வேலை தெரிந்த ஆள் என்று. ஏறிப் பார்த்து, கூடு அடைத்திருக்கிறது ஐயா என்றேன். எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

சரியாக நாலு வாரம். பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் டீக்கடையில் நின்றிருந்தேன். ரேடியோவில் சொன்னார்கள், ஆயிரம் ரூபாய் நோட்டும் அதற்கு மேலும் இனிச் செல்லாது என்று. வைத்திருப்பவர்கள் சில நாட்களுக்குள் பாங்கில் கொடுத்து, எப்படி வந்தது என்று எழுதித் தர வேண்டுமாம். ஒரு கொத்தனார் என்ன எழுதித் தருவான்? கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆயிரம் ரூபாய் நோட்டை யாரய்யா பார்த்தது என்றார்கள். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, திட்டத்தைத்தான் சொல்கிறேன். பொறுத்திருப்பதுதான் சரி. ஆனால் சர்க்காரே அவசரப்பட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

டின்னை எடுத்து நோட்டுகளை எரித்திருக்கலாம். மனசு வரவில்லை. எட்டு வருஷம் அது பாட்டுக்குக் கிடந்தது. போன வாரம் குளியலறைத் தரை விரிசல் விட்டுவிட்டது. நான் வந்து பார்க்கிறேன் என்று கலாவதியிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அவள் தானே பெயர்த்துவிட்டாள். அந்த நோட்டு செல்லாது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை, முந்தானையில் சுற்றி நேராக உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்:

"ஏனுங்க, நம்ம ஊட்டுத் தரைக்கடியில ஆரோ பணத்தப் பொதச்சு வெச்சிருக்காங்க. நம்முளுது இல்லீங்களே, அதான் டேசன்ல குடுத்துட்டு வந்தனுங்க."

அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. டின்னுக்குள் வியாபாரியின் கடைச் சீட்டு இருந்தது, நீங்கள் பழைய ஃபைலை எடுத்துவிட்டீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. வேடியப்பன் பாயில் படுத்தபடி கிடந்தான், சின்னத்தாயி மட்டும் கதவோரம் தாழ்ப்பாளுக்குக் கீழே கிடந்தாள் என்று ஃபைலில் இருக்கிறது. ஆரோக்கியதாஸ் தூக்கியபோது அவள் உடம்பில் சூடு இருந்ததாம். நான் போனபோது இரண்டு பேரும் செத்திருந்தார்கள் என்று நேற்றுச் சொன்னேன். அது சரியில்லை.

நான் போனபோது ஏழு மணி இருக்கும். மஞ்சு கலையவில்லை. ஓட்டின் மேல் கால் வைத்ததும் கீழே இருமல் கேட்டது. அவன் இருமல் இல்லை. நான் சிம்னிப் பக்கம் போய்க் குனிந்தேன். ஓடு அசைந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஆருங்க மேல? மேஸ்திரிங்களா?"

நான் ஓடு அசையாமல் உட்கார்ந்துகொண்டேன்.

"தாப்பா எட்டலீங்க. எந்திரிச்சு நிக்க முடியலீங்க. இவரு கண்ணு முழிக்க மாட்டேங்கறாருங்க மேஸ்திரி."

இறங்கி ஜன்னலை உடைக்க இரண்டு நிமிஷம் போதும். மெட்ராஸில் தை மாதம் அவளுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், அதுவும் வேடியப்பன் சொல்லி எனக்குத் தெரியும். ஆனால் நோயாளி, வெளியே வந்தாலும் எத்தனை நாள் இருந்திருப்பாள்? புருஷன் இல்லாமல் யார் அவளைப் பார்த்திருப்பார்கள்? இதையெல்லாம் அங்கே உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கல்லை நகர்த்தியாகிவிட்டது, சாக்கின் மேல் என் கை இருந்தது. அவள் இன்னும் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டாள். அப்புறம் இருமல் மட்டும். அதுவும் நின்று, வெகுநேரம் கழித்துத்தான் சாக்கை எடுத்தேன்.

வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், ஐயா, அவசரப்பட்டு ஓட்டைப் பிரித்திருப்பார்கள்.