அமைதியாகக் கிடந்த எலிகள்

ஜெர்மனியில் எதற்கும் அனுமதி வேண்டும். எனக்கு விசா வர நாலு வருடம் ஆனது. எங்கள் ஆய்வுகூட எலிகளுக்கு ஆறு கிழமையில் எல்லா அனுமதியும் வந்துவிட்டது. எலிகள் மேல் எனக்குப் பொறாமை இல்லை.

ஒழுங்காகவே சொல்கிறேன். எலிக்கு ஒரு திரவத்தை ஏற்றி, மயக்கி, பெரிய காந்தத்துக்கு நடுவே கிடத்துவோம். அதன் உடம்புக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் என்கிற அடங்காத மூலக்கூறுகள் ஆடும் ஆட்டத்தை உயிரோடு படம் பிடிக்கும் வேலை. இலத்திரன் பரகாந்தப் பரிவு என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் எலி அசைந்துவிடும். ஈரல் கெட்ட எலியில் அந்தத் திரவத்தின் சமிக்ஞை சட்டென்று மங்கும். எங்கள் புது மருந்து வேலை செய்தால் மங்காமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பேராசிரியரின் முகமும் சுருங்கியது. 1996, என் வேலை ஒப்பந்தம் முடிகிற வருடம்.

ஒருநாள் மயக்க மருந்து கூடிப்போய், எலி காந்தத்துக்குள்ளேயே செத்துவிட்டது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. செத்த உடம்பு எதையும் செலவழிப்பதில்லை. சமிக்ஞை அப்படியே நின்றது. பேராசிரியர் என் தோளில் தட்டினார். நல்ல மனிதர், படத்தை மட்டும்தான் பார்த்தார். அதன் பிறகு புது மருந்து கொடுத்த எலிகளுக்கு மட்டும் மயக்க மருந்தைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தேன்.

அந்தப் படங்களை நம்பி ஒரு மருத்துவமனை, புது மருந்தை மனிதருக்கும் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது. என் மேல்வீட்டுத் தங்கராசா அண்ணை பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், ஈரல் நோய்க்காரர். பழைய மருந்தை விட்டு இதில் சேரலாமா என்று என்னிடம் வந்தார்.

“தம்பி அன்ரன், எலிகள் எப்பிடி இருக்குதுகள்?”

“ஒரு கரைச்சலும் இல்லை அண்ணை. அமைதியாக் கிடக்குதுகள்.”

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவர் சேர்ந்தார்.

மாரி தொடங்கும்போது அவர் கண் மஞ்சளானது. அவருடைய மனைவி அம்பிகா அக்கா படியிறங்கி வந்தார்.

“வயிறும் வீங்குது தம்பி. மருந்தை நிப்பாட்டட்டோ?”

“வேண்டாம் அக்கா. இப்ப நிப்பாட்டினால் இவ்வளவு நாளும் பட்டது வீணாப் போயிடும்.”

“நீங்கள் சொன்னால் சரி.”

தை மாதம் அவரை எரித்தோம். பெட்டியின் ஒரு பக்கத்தை நானும் பிடித்தேன், நல்ல பாரம். அம்பிகா அக்கா என் கையைப் பிடித்து அழுதார்.

அந்த மருந்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அம்பிகா அக்கா கேட்ட அன்றைக்கே பழைய மருந்துக்குத் திரும்பியிருந்தால் அண்ணை பிழைத்திருப்பார் என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் எலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறகு அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். அந்த நிலையில் இருக்கிற ஒரு நோயாளியிடமிருந்து அதையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.