நெருப்புக் கதவின் சாவி

தேத்தண்ணீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. குடித்தால் எனக்கு நெஞ்செரியும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இப்படியும் ஒரு உடம்பா என்று என் பெண்சாதி நாகலெட்சுமி கேலி செய்வாள். வெந்நீர் இருந்தால் போதும்.

நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து இஸ்டோரில் நான் காவற்காரன். தேயிலை ஆலையை நாங்கள் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். கீழே இயந்திரங்களும் அடுப்பும். மேல்மாடியில் பெண்கள் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் வாடப் போடுவார்கள். மாடியின் பின்பக்கம் ஒரு கதவு, அதிலிருந்து இறங்க இரும்புப் படி. தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று பழைய துரை வைத்தது. அதை நெருப்புக் கதவு என்போம்.

அதற்கு வெளியே நான் பூட்டுப் போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன். கீழேயிருந்து தேயிலைத் தூளை மடியில் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறி, அந்தப் படியால் இறங்கிவிட்டால் யார் பெயர் கெடும்? வேலை முடிந்து போகிற பெண்களை முன்வாசலில் நிறுத்தி மடி பார்ப்பது எங்கள் வழக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

மாடியில் கொழுந்து வாடப் போடுகிற ராக்காயிக்கு நான் மடி பார்ப்பது பிடிக்கவில்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னாலும் துரையிடம் சொன்னாள்.

"பொன்னையா அண்ணே கை சரியில்லைங்க தொரை. எங்க மடியப் பாக்க ஒரு பொம்பளையப் போடுங்க."

பெரட்டே சிரித்தது. மறுநாள் முன்வாசலில் வேலாயியை நிறுத்தினார்கள். எனக்கு மிஞ்சியது பின்படிதான். நான் கோபப்படவில்லை, ஐயா. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். சில நாள் சோறு இறங்கவில்லை.

அன்று பிற்பகல் அடுப்பிலிருந்து தீ மாடிக்கு ஏறியது. சாக்கெல்லாம் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த மரப்படி முதலிலேயே போய்விட்டது. பெண்கள் பின்கதவைத் தட்டினார்கள். நான்தான் ஓடிப்போய்த் திறந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, குறுக்கே நின்று, ஒவ்வொருத்தியாக மடி பார்த்து அனுப்பினேன். இந்த மாதிரி நேரத்தில்தான் களவு போகும்.

மீனம்மா அழுதுகொண்டே மடியை உதறிக் காட்டினாள், விட்டேன். அவளுக்குப் பின்னால் ராக்காயி.

"நெருப்பு பிடிக்குதுண்ணே, வழிய விடுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"மடியக் காட்டிட்டுப் போ."

கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

கதவைச் சாத்திப் பூட்டினேன். அவள் மனசு மாறினால் உடனே திறக்கலாம் என்று சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். மாறவும் செய்தது. "காட்டுறேண்ணே, தொறங்க" என்று உள்ளேயிருந்து கேட்டது. அந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்க வேண்டும். புகை எனக்கும் ஒத்துக்கொள்ளாது, படியிறங்கிவிட்டேன்.

தீயை அணைத்த பிறகு அவளையும் அவள் பின்னால் நின்ற இரண்டு பேரையும் கதவோரத்திலிருந்து தூக்கிவந்து புல்லில் கிடத்தினார்கள். மூச்சு முட்டித்தான் செத்திருந்தார்கள். எல்லோரும் துரையைச் சுற்றி நின்றபோது நான் ராக்காயி மேலே கிடந்த சாக்கை விலக்கி மடியைப் பார்த்தேன். கடமைக்காகத்தான் பார்த்தேன். ஒன்றுமில்லை.

இந்தத் தடவை அவள் என் கையைத் தட்டிவிடவில்லை, ஐயா.