கதவுக்கு இருபுறமும் ஒரே எண்

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி முப்பிடாதியம்மாள், எங்கள் ஒரே மகள் முத்துசெல்வி, பிறகு வந்து சேர்ந்த என் மனைவியின் தம்பி பாண்டியராஜ். வேறு யாரும் இல்லை. இதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இன்னொருவனும் இருந்தான் என்று சொன்னது நான்தான்.

எங்கள் வீட்டு லேப்டாப் முத்துசெல்வி பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்தது. லினக்ஸில் ஓடுவது. அவள் கல்லூரி முடித்ததும் அதை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேவாரம் கேட்க ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி, நானே இணைத்தேன். ப்ளூடூத் இணைக்கும் திரையில் இரண்டு பட்டியல் உண்டு. மேலே, இணைத்த கருவிகள். அதில் என் ஸ்பீக்கர் மட்டும். கீழே, அருகில் கண்டறிந்த கருவிகள். தேடவிட்டால் பக்கத்து வீட்டு டி.வி. வரும். இந்தச் சாரல் காலத்தில் புதிதாக ஒரு பெயர் வந்தது. உவைஸ். பக்கத்தில் போன் படம்.

முத்துசெல்வி மாடி அறைக்குப் போனால் பெயர் வரும். அவள் கோயிலுக்குப் போனால் மறையும். அவளுடைய போனை நான் முன்பே வாங்கிப் பூட்டிவைத்திருந்தேன். ஆகவே இது அவளுடையது இல்லை. பாண்டியராஜின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். அப்படியிருக்க ஒருவன் என் வீட்டு மாடிக்கு வந்து போகிறான் என்றால் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அன்று பெயர் தெரிந்ததும் மாடியேறி, அறையை வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். கதவுக்கு எதிரே ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துவிட்டு பாண்டியராஜைப் போனில் அழைத்தேன். சம்பந்தியிடம் மறைத்துப் பெண் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு வந்தார். ஆள் உள்ளே இருக்கிறான், அவனே வெளியே வரட்டும், நீங்கள் பார்க்க வேண்டும் என்றேன்.

முப்பிடாதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது ஆளு இல்லைங்க, போனு. நாந்தான் கடையநல்லூர்ல பழசா வாங்கிக் குடுத்தேன். முன்னால வச்சிருந்த பையன் பேரு அதுல கெடக்கு. அவன் துபாய்க்குப் போயிட்டானாம்."

நான் எதையும் சோதிக்காமல் ஏற்பவன் இல்லை. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து இணைக்கக் கொடுத்தேன். இரண்டு கருவியிலும் ஒரே எண் வரும். ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சம்மதம் தர வேண்டும். நான் கேட்காமலே முத்துசெல்வி உள்ளிருந்து வாசித்தாள்.

"நாலு, ஏழு, பூஜ்யம், ரெண்டு, ரெண்டு, ஒம்பது. சரியாப்பா? என் கையிலதான் இருக்கு. தெறங்க."

என் திரையிலும் அதேதான். சம்மதம் கொடுத்தேன். உவைஸ் கீழ்ப் பட்டியலை விட்டு மேலே ஏறி, என் ஸ்பீக்கருக்கு அடியில் வந்து நின்றது.

பாண்டியராஜ் சிரித்தார். பாரம் இறங்கினால் வரும் சிரிப்புதான். "ஒரு செகண்ட்ஹேண்ட் போனப் பிடிக்கவா அத்தான் என்னைய அருவியில இருந்து இழுத்துட்டு வந்தீங்க? நல்லவேள, போலீஸக் கூப்பிடல" என்றார். முப்பிடாதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரித்திருக்கலாம்.

அந்த நேரம் சாவியை எடுத்திருந்தால், பெற்ற மகள்மேல் பழி போட்டுச் சம்பந்தியை வரவழைத்துக் காட்டிய கிழவன் ஆகியிருப்பேன். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை அந்தக் கதை போயிருக்கும். அதனால் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"ஒளிச்சுப் போன் வச்சது தப்பு, அப்பா சந்தேகப்பட்டது நியாயம்னு மாமாகிட்டச் சொல்லு. தெறக்கேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள். என் மகள்தான்.

சாரல் காலத்தில் அவளுக்கு இழுப்பு வரும். கொஞ்ச நேரத்தில் மூச்சு விசிலடிப்பது வெளியே கேட்டது. முப்பிடாதி கீழே போய் இன்ஹேலரை எடுத்துவந்து கதவுக்கடியில் நுழைத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று செய்வித்த தேக்குக் கதவு, இடுக்கு கிடையாது. என் காலைப் பிடித்தாள். பாண்டியராஜ் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"அத்தான், புள்ள மூச்சுவிட முடியாமத் தவிக்கா. நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லிர மாட்டேன். தெறங்க."

நான் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தொட்டு விலக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மறுபடி சொன்னேன். சொல்லிவிடு தாயே, சொல்லிவிடு என்று மனதுக்குள் நான் அவளைக் கெஞ்சியது அவர்களுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. பேச முடிந்திருக்காது என்று இப்போது டாக்டர் சொல்கிறார்.

பாண்டியராஜ் கடப்பாரை தேடிக் கீழே ஓடினார். உள்ளே சத்தம் நின்றது. திரையில் உவைஸ் இணைந்தே இருந்தது. அதனால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கடப்பாரை வருமுன் நானே பூட்டைத் திறந்தேன். உடைத்த கதவை ஊர் பார்க்கும். தள்ளத் தள்ளக் கதவு கனத்தது. அவள் அதில் சாய்ந்திருந்தாள்.

நீங்கள் விசாரணைக்கு வருமுன் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் நான்தான். இறந்த பெண்ணைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக் கூடாது.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரியவருக்குக் கம்ப்யூட்டர் சரியாகத் தெரியாது, உள்ளே ஆள் இருப்பதாகக் கடைசிவரை நம்பி ஏமாந்துவிட்டார், பாவம் என்கிறார்கள். பாண்டியராஜும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அது தவறு. எண் ஒத்துப்போனபோதே எனக்குத் தெரியும், உள்ளே என் மகள் மட்டும்தான் என்று. நான் எதிலும் ஏமாறவில்லை.