பரவாயில்லீங்க

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. மனைவியின் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

“மார்க் கம்மின்னு மருந்தே குடுக்காம அனுப்பிட்டாங்களே, நல்லாருக்குதுங்களா?” என்று அந்தம்மா போட்ட சத்தத்தில்தான் நிமிர்ந்தேன்.

“மெதுவாப் பேசு. நாலு பேரு இருக்கறாங்க” என்றார் கணவர். அறுபதைத் தாண்டியவர்.

“கேக்கட்டுங்க. பிராஸ்டேட் வீங்கியிருக்குது, எவ்வளவு தொந்தரவுன்னு மார்க் போடத்தானே அந்த நர்ஸ் புள்ள அத்தனை கேள்வி கேட்டுச்சு? ராத்திரி எந்திரிக்கறீங்களான்னா பரவாயில்லீங்க. முக்கித்தான் ஒண்ணுக்குப் போறீங்களான்னா பரவாயில்லீங்க. அடக்க முடியுதான்னா அதுக்கும் பரவாயில்லீங்க! பனியன் கம்பெனில ஒரு தையல் உட்டிருந்தாப் பீஸைத் தூக்கி வீசற செக்கிங்காரரு, ஒடம்புல மட்டும் எல்லாத்தையும் பாஸ் பண்ணி உட்டுட்டீங்க!”

“மக வயசுப் புள்ளகிட்ட அதெல்லாம் எப்படிச் சொல்றது?”

“ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கறது நீங்க. கூடவே முழிச்சுக் கெடக்கறது நானுங்க. என்னையக் கேட்டிருந்தா முழு மார்க் வாங்கிக் குடுத்திருப்பேன்!”

கணவர் திடீரென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு நகர்ந்தார்.

“பழைய பஸ் ஸ்டாண்டுக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? ஏதாச்சும் அவசரமாங்க?” என்றார் கண்டக்டர்.

“அவசரமெல்லாம் இல்லீங்க. பரவாயில்லீங்க” என்றபடியே கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டார்.

அந்தம்மா ஃபைலோடு பின்னாலேயே ஓடினார்.

“சீக்கிரம் விசில் அடிங்க சாமி! இவரு பரவாயில்லைன்னா, அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் தாங்காதுன்னு அர்த்தமுங்க!”