எந்த மறைவுக்கு எந்த நரம்பு

தூண்டில் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கம்பைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள் சார். அது தப்பு. மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கம்பும், முள்ளைக் கட்டுகிற நரம்பும் அதற்கு அப்புறம்தான்.

பாஸ் என்கிற ஏரி மீனுக்கு எப்போதும் ஒரு மறைவு வேண்டும். பாசி, அல்லி இலை, மூழ்கின மரம், பாறை இடுக்கு என்று ஏதாவது ஒன்று. தண்ணீர் தெளிவாகவும் திறப்பாகவும் இருந்தால் மெல்லிய நரம்பு, வளைந்துகொடுக்கிற சன்னக் கம்பு. தடித்த நரம்பைப் பார்த்தால் மீன் கிட்டவே வராது. பாறை என்றால் உரசினாலும் தேயாத நரம்பு. பாசிக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விறைப்பான பெரிய கம்பும் இழை இழையாகப் பின்னின நரம்பும்தான். பாசியில் மாட்டின மீன் தன் எடையோடு அரைக்கூடைப் பாசியையும் சுருட்டிக்கொண்டு வரும். பின்னல் நரம்பில் ஒரு ஆளையே கட்டி இழுக்கலாம். இதையெல்லாம் நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர், ஏரியில் இறந்துபோனவர். விபத்து என்று நீங்கள் கேஸை எழுதி முடித்துவிட்டீர்கள். கரையில் நின்ற மச்சான் காப்பாற்றப் பார்த்தார், முடியவில்லை என்று அங்கே இருந்த டீச்சரம்மாவும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னீர்கள். உட்காரவே கூச்சமாக இருக்கிறது சார்.

அவர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் இருக்காது. கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் இருந்தார். நான் வேலை பார்க்கிற அட்டைப்பெட்டி ஆலையில் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். படித்தவர், சூட்டிகை. பசை காய்ச்சுகிற இடத்தில் ஆரம்பித்தவர் மளமளவென்று மேலே போய் எனக்கே மேனேஜராகிவிட்டார். வீட்டில் மாப்ளே, ஆலையில் சார். தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் தவறி அவரை சார் என்று கூப்பிட்டுவிட்டேன் ஒரு நாள். அவள் சோற்றுக் கரண்டியோடு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆலையில் பையன்கள் ஒரு ஜோக் வைத்திருந்தார்கள். "அண்ணன் ஞாயித்துக்கிழமை பாஸைப் பிடிப்பாரு, மத்த நாளு பாஸுக்குப் பயப்படுவாரு." அதற்கும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்ததால்தான் சிரிக்க முடிந்தது. ஏரிக்கரையில் என்னிடம்தான் எல்லோரும் வந்து கேட்பார்கள்.

அப்புறம் அவருக்கும் மீன் பிடிக்கிற ஆசை வந்தது. "மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க? நல்ல கம்பா ஒண்ணு பாத்துக் குடுங்க மச்சான்" என்றார். கூடவே போய்ப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தேன். ஒரே வருஷத்தில் குருவை மிஞ்சின சிஷ்யனாகிவிட்டார். கரையில் என்னைத் தாண்டிப்போய் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

அந்தச் சனிக்கிழமை ஆலை கேன்டீனில் போனை எடுத்து எல்லோருக்கும் ஒரு போட்டோ காட்டினார். தாட்டியான பாஸ். அடர்ந்த பாசிக்குள்ளிருந்து, மெல்லிய நரம்பிலேயே எடுத்திருந்தார்.

"மச்சான் இன்னும் அந்தக் காலத்துலயே இருக்காரு. பாசின்னு சொன்னாப் போதும், கெணத்துக் கயிறு மாதிரி நரம்பத் தூக்கிட்டு வந்துடுவாரு. கை பதமா இருந்தா மெல்லிசே போதும் மச்சான். நாளைக்கு வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். இதற்குப் போயா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எனக்கும் அதுதான் வெட்கம். சொத்துத் தகராறு, குடும்பப் பகை என்று பெரிதாக ஒன்றைச் சொல்ல முடிந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவர் சின்னப் படகில் ஏறிப் பாசிக்குள் போனார். மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ளவில்லை, மடித்து அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் பலகைத் துறையில் நின்றேன். என்னிடம் இரண்டு கம்பு இருந்தது. துறையை ஒட்டின தெளிந்த தண்ணீருக்குச் சன்னக் கம்பு, பாசிக்குப் பெரிய கம்பு. அவர் என் வீச்சுக்கு உள்ளேதான் இருந்தார்.

அவருக்குப் பெரிய மீன் ஒன்று மாட்டியது. பாசிக்குள் முட்டிக்கொண்டு ஓடியது. நரம்பு அறுந்துவிடும் என்று நான் காத்திருந்தேன், அறவில்லை. அவர் கை அப்படி. "பாத்தீங்களா மச்சான்!" என்று எழுந்து நின்று குனிந்து அள்ளப் போனார். படகு கவிழ்ந்துவிட்டது.

நீச்சல் தெரிந்தவர்தான். ஆனால் பாசி காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் என்ன செய்யும்? எனக்கு நீச்சல் தெரியாது. அதில் பொய் இல்லை. கரையில் நடக்க வந்த டீச்சரம்மா ஓடிவந்து, "எதையாவது வீசுங்க சார், எதையாவது வீசுங்க" என்று கத்தினார்கள். வீசினேன். குறி தப்பவில்லை, சரியாக அவர் நெஞ்சுக்கு நேரே விழுந்தது. அவர் நரம்பைப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். இழுத்தேன். அறுந்துவிட்டது.

நான் நடுங்குகிற கையோடு திரும்ப முடிச்சுப் போட்டேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் நல்ல மனசு. என் கை நடுங்கவில்லை. எச்சில் தொட்டு, இறுக்கி, ஒழுங்காகத்தான் முடிச்சுப் போட்டேன். இரண்டாவது தடவையும் சரியான இடத்தில் விழுந்தது. அவர் அதைத் தொடவில்லை. என் காலடியைப் பார்த்தார்.

"மச்சான், பெரிய கம்பு," என்றார். தண்ணீரைத் துப்பிவிட்டு இன்னொரு தரம் சொன்னார். "அந்தப் பெரிய கம்பு மச்சான்."

"என்ன சொல்றாரு?" என்று டீச்சரம்மா கேட்டார்கள்.

"தெரியலம்மா," என்றேன்.

இரண்டு தடவையும் நான் வீசினது சன்னக் கம்பை. பெரிய கம்பு என் முழங்காலில் சாய்ந்திருந்தது, பின்னல் நரம்போடு. அதை வீசியிருந்தால் பாசியோடு சேர்த்து அவரை இழுத்துப் போட்டிருப்பேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபம்கூட இல்லை சார். மெல்லிசே போதும் என்று சொன்னாரே, போதுமா பார்க்கலாம் என்றுதான் இருந்தது. பதற்றத்தில் கை மாறிவிட்டது என்று நீங்களே எடுத்துக்கொடுக்கிறீர்கள். கை மாறவில்லை. எந்த மறைவுக்கு எந்த நரம்பு என்பதில் நான் ஒரு நாளும் தப்புச் செய்ததில்லை.

காரியமெல்லாம் முடிந்த அன்றைக்குத் தங்கை சொந்தக்காரர்கள் முன்னால் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கண்ணன் ஒருத்தன்தான் அவருக்காகப் போராடுனான்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இப்போது தினமும் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள். தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் வந்தேன்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணா?" என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னார் என்றேன். அன்றிலிருந்து அதையேதான் கேட்கிறாள். மெதுவாகச் சொன்னாரா, சத்தமாகச் சொன்னாரா, எத்தனை தரம் சொன்னார் என்று. இரண்டு தரம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முகம் தெளிவாக இருக்கிறாள்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். என்னை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள் சார், அவள் தாங்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் மனசு நோகும்படி நான் எதுவும் செய்ததில்லை.