பக்கத்து வீட்டுக்காரி சொன்ன சேதி

ஜனவரி. காலை ஆறு மணி, ஆனா கும்மிருட்டு. நம்ம ஆலையிலேர்ந்து டேங்க் மேட்டுக்குப் போற ரோடு தெரியும்ல… மூணு கிலோமீட்டர், வெறும் பனி. அதுல தனியாப் போனான் என் மச்சான் தோஸ்போல். என் பொண்டாட்டியோட தம்பி. அங்க ஒரு இரும்பு அறை, உள்ள குழாயில சூடு அளக்குற ஒரு சென்சார். அதைத் துடைச்சுட்டு வரணும்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். ரியாக்டர் சூடு மாமியார், நீராவி வால்வு மருமக. குழாயில சரக்கு குளிர்ந்து வருதுன்னா, மாமியார் கத்துறதுக்கு முன்னாடியே மருமக காதுல போடுற பக்கத்து வீட்டுக்காரிதான் அந்த சென்சார். சிரிக்காதீங்கடா. அந்த பவுர்சாக் பலகாரத்தை இந்தப் பக்கம் தள்ளு.

அந்த அறையில கெங்கெபாய்னு ஒருத்தர் மாட்டிக்கிட்டு விறைச்சே செத்தார், ரொம்ப வருஷம் முந்தி. அப்புறம்தான் இந்த வழக்கம் வந்துச்சு. மாட்டிக்கிட்டா சென்சாரை உருவி, மூணு தடவை கையில பிடிச்சு விடணும். இங்க, கன்ட்ரோல் ரூம் தாள்ல, சூட்டுக் கோடு மூணு தடவை ஏறும். பார்த்தவன் ஓடணும்.

டமார்…! தோஸ்போல் உள்ள இருக்கும்போதே காத்துல கதவு சாத்தி, வெளித் தாழ்ப்பாள் விழுந்துருச்சு. வாக்கி டாக்கி குளிர்ல செத்துப்போச்சு. மைனஸ் முப்பத்தொண்ணு டிகிரி. உதைச்சான், தோளால இடிச்சான்… கதவு அசையல. கையுறையைக் கழட்டி, சென்சாரை உருவிப் பிடிச்சான். விட்டான். மூணு தடவை.

இங்க, இதே நாற்காலியில நான். கோடு ஏறி இறங்க, வால்வும் ஆடுது. "துடைக்கச் சொன்னா தடவிக்கிட்டிருக்கான் பாரு"ன்னு, வால்வை மேனுவலுக்கு மாத்திட்டேன். இனி பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாலும் அது கேக்காது. பாவி, நான் எண்ணவே இல்லப்பா.

அரை மணி நேரம். அங்க அவனுக்கு விரல் மரத்து, சென்சார் தரையில விழுந்துருச்சு. எடுக்க முடியல. இமை ஒட்டிக்கிச்சு. மூலையில சுருண்டுக்கிட்டு அக்கா பேரைச் சொல்லி அழுதிருக்கான்.

அப்போ இங்க… உஸ்ஸ்ஸ்… மேனுவல்ல கிடந்த வால்வு தானாத் திறந்துச்சு. மூடுச்சு. மறுபடி உஸ்ஸ்ஸ்… மூணாவது தடவைதான் எனக்கு அந்த வழக்கம் ஞாபகம் வந்துச்சு.

லாரியை எடுத்துக்கிட்டுப் பறந்தேன். நல்லவேளை, உயிர் இருந்துச்சு.

"மூணு தடவை பிடிச்சேனே மாமா… ஏன் வரல?"

"ரெண்டாவது வாட்டி நீ மூணு தடவை பிடிச்சதும் ஓடி வந்துட்டேன்லடா!"

"ரெண்டாவது வாட்டியா? அப்போ சென்சார்தான் தரையில கிடந்துச்சே…"

திரும்பி வந்து கோடு போட்ட தாளைப் பார்த்தேன். முதல் மூணும் மேல ஏறியிருக்கு. சூடான கை, அவன் கை. அப்புறம் கோடு மைனஸ் முப்பத்தொண்ணுல படுத்துக் கிடக்கு. அதுக்கப்புறம் மூணு… மூணும் கீழ, விறைச்ச கை ஒண்ணு பிடிச்ச மாதிரி. மைனஸ் ஐம்பத்திரண்டு வரைக்கும்.

வெளியகூட அவ்வளவு குளிர் இல்ல.